கஜத்துக்குக் கஜம்

அல்சீட் டார்டார் பல்கலைக்கழக அணிக்காக ஆடிய முதல் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நூற்றுப்பதினேழு கஜம் ஓடினான். அன்று சாயங்காலமே அவனுடைய ஊரான பெல்ரீவில் கடல் நூற்றுப்பதினேழு கஜம் உள்ளே வந்தது. செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை அது. புயல் இல்லை, பௌர்ணமி இல்லை, காற்றுக்கூட இலேசாகத்தான் அடித்தது. தெற்கு முனையில் நண்டுக்கூடை போட்டிருந்த இரண்டு பேர் மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது, கோரைத்திட்டும் அதன்மேல் நின்ற பட்டுப்போன ஓக் மரங்களும் இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் அலையில்லாமல் கிடந்தது. அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லூசியானாவின் அந்தக் கோடியில் நிலம் போவது புதிதல்ல. நம் கரையிலிருந்து மணிக்கு மணி ஒரு ஆட்ட மைதானம் அளவு நிலம் போகிறது என்று ரேடியோவிலேயே சொல்வார்கள், மழைச் செய்திக்கும் இறால் விலைக்கும் நடுவில். அதனால் அந்த ஊரில் யாரும் ஏக்கர் என்று பேசுவதில்லை. “போன வருஷம் எனக்கு ரெண்டு மைதானம் போச்சு” என்பார்கள், கடைவாய்ப் பல் விழுந்ததைச் சொல்வதுபோல.

அதே சனிக்கிழமை, வடக்கே இருநூறு மைல் தள்ளி, ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மைதானம் கூட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். பச்சை பிளாஸ்டிக் புல்தரையில் அல்சீட் ஓடிய தடம் நெடுகக் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. சேற்றில் சிப்பி ஓடுகளும் கோரை வேரும் கிடந்தன. நாற்பதாவது கஜக் கோட்டின்மேல் ஒரு நீல நண்டு உயிரோடு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. எதிரணிக்காரர்கள் நடுவரிடம் முறையிட்டார்கள்: அவனை மடக்கப் போனால் எங்களுக்குக் கணுக்கால் வரை சேறு புதைகிறது, அவன் மட்டும் தரையில் ஓடுகிறான். நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். சேற்றைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கூட்டுகிறவர்கள் சேற்றை வாரி நகரத்துக் குப்பைமேட்டில் கொட்டினார்கள். நண்டை ஒருவன் வீட்டுக்குக் கொண்டுபோய் வேகவைத்துத் தின்றான். நல்ல சுவையாக இருந்ததாம்.

அல்சீடுக்கு ஒரு அக்கா உண்டு. பெயர் குளோத்தீல். அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். தாய் அவனைப் பெற்ற கையோடு செத்துப்போனாள். தகப்பன் ஒடிலான் டார்டார், இறால் படகுக்காரன், அல்சீடுக்குப் பதினோரு வயதாகும்போது கழிமுகத்தில் படகு கவிழ்ந்து போனான். உடல் மூன்று மைல் தள்ளிக் கரை ஒதுங்கியது. அந்த ஊரில் குழி தோண்டினால் இரண்டடியில் தண்ணீர் வந்துவிடும். ஆகவே தரைக்குமேல் செங்கல் கட்டி, உள்ளே பெட்டியை வைத்து, சுண்ணாம்பு அடித்து மூடுவார்கள். ஒடிலானுக்கும் அப்படித்தான் கட்டினார்கள். அதன்பின் குளோத்தீல் எஸ்தேல் அம்மாளின் கொட்டகையில் நண்டுச்சதை எடுத்துத் தம்பியை வளர்த்தாள். அவள் விரல்களில் எப்போதும் கீறல் இருக்கும், அதில் எப்போதும் உப்பு இருக்கும். தம்பி நாலு எழுத்துப் படித்து எங்கேயாவது மேட்டுநிலத்தில் ஒரு வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த ஆசை. எழுத்து அவனுக்கு வரவில்லை, கால் வந்தது. ஊர்ப் பள்ளியில் அவன் நாலு வருஷம் ஓடியபோது நிலம் ஒரு பிடிகூடக் கூடுதலாகப் போகவில்லை. அது ஏன் என்பதற்குப் பின்னால் ஊரார் சொன்ன விளக்கம் எளிமையானது: அப்போது அவன் ஓடியதே பெல்ரீவ் மண்ணில்தானே, மண் எங்கே போகும்? வெளியூரில் ஓடும்போதுதான் காலடிக்கு மண் வேண்டியிருக்கிறது. வருகிறது.

சனிக்கிழமைகளில் ஊர் முழுவதும் எஸ்தேல் அம்மாளின் கொட்டகையில் கூடும். சதை எடுக்கும் நீள மேசைகளைக் கழுவித் தள்ளிவிட்டு டிவியைத் தூக்கி ஐஸ்பெட்டிமேல் வைப்பார்கள். ஒரு அண்டா நண்டு வேகும். முதல் மாதத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மாதத்தில் ஒடிலானின் தம்பி வால்மோன் ஒரு பந்தயத்துக்காக ஒரு காரியம் செய்தார். பள்ளி ஆட்டங்களில் தூரம் அளக்கிற பத்து கஜச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் ஓடுகிற வேலை அவருடையது. அந்தச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதி போதையில், ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் விளிம்பில் ஒரு கழி நட்டார். ஆட்டம் முடிந்ததும் போய் அளந்தார். திரும்பி வந்தபோது போதை தெளிந்திருந்தது.

“எவ்வளவு ஓடினான் பையன்?” என்று வாசலில் நின்று கேட்டார்.

“தொண்ணூத்தி நாலு. ஏன், டிவி பாக்கலியா நீ?”

“தொண்ணூத்தி நாலு” என்றார் வால்மோன். “அங்கயும் தொண்ணூத்தி நாலு.”

“குடிச்சிட்டு அளந்தா எல்லாம் தொண்ணூத்தி நாலுதான்” என்றாள் எஸ்தேல். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரம் பத்துப் பேர் சங்கிலியோடு போனார்கள், அதற்கடுத்த வாரம் மாதா கோயில் பங்குச்சாமி லியோன்ஸ்கூடப் போனார். கஜத்துக்குக் கஜம் சரியாக இருந்தது. எங்கேயாவது அவனைப் புறப்படும் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கிச் சாய்த்து இரண்டு மூன்று கஜம் நஷ்டமானால், அந்த இரண்டு மூன்று கஜம் ஈரமாக, புழுவும் நத்தையுமாகத் திரும்பி எழுந்து நின்றது. அப்படி எழும் ஒவ்வொரு தடவையும் கொட்டகையில் இருந்தவர்கள் ஏமாற்றத்தில் டிவியைப் பார்த்து ஊளையிட்டார்கள். தங்கள் நிலம் திரும்பி வருவதற்காக ஊளையிட்ட ஊர் வேறெங்காவது இருக்குமா என்று தெரியவில்லை.

பையனிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்து பேசினார்கள். குளோத்தீல் கடைசிப் பெஞ்சில் இருந்தாள். வாதம் அதிகம் நடக்கவில்லை. கடல் எப்படியும் எடுக்கத்தான் போகிறது. வால்மோனின் தாத்தா பருத்தி போட்ட இடத்தில் இப்போது ஆழ்கடல் மீன் பிடிக்கிறார்கள், அதற்கு எந்தப் பையன் ஓடினான்? “சும்மா எடுத்துக்கிட்டுப் போற மண்ணு, நம்ம புள்ள காலுக்காவது ஒதவட்டுமே” என்று ஒருவர் சொன்னார். அதற்குமேல் பேச்சு இல்லை. எல்லோரும் திரும்பிக் குளோத்தீலைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தால் பையன் பந்தைக் கீழே வைத்துவிடுவான், அது எல்லோருக்கும் தெரியும். வைத்துவிட்டால் வந்து படகு ஏறுவான், தகப்பன் ஏறின படகுபோல ஒன்று. அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே, “நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல” என்றாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் போன் செய்வான். என்ன சாப்பிட்டாய், முழங்கால் வலி எப்படி, வால்மோன் சித்தப்பா இன்னும் கடனுக்குக் குடிக்கிறாரா. கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி.

“ஊரு எப்படி இருக்குக்கா?”

“இருக்கு” என்பாள்.

நாலு வருஷம் இப்படி ஓடியது. முதல் வருஷம் கோரைக்காடு போனது. இரண்டாம் வருஷம் நீரெலிக்குப் பொறி வைக்கும் திட்டுகள், மூன்றாம் வருஷம் பழைய படகுத்துறை, நாலாம் வருஷம் பள்ளிக்கூடத்து ஆட்ட மைதானம். அது போன அன்று அல்சீட் இருநூற்றுப் பன்னிரண்டு கஜம் ஓடி அந்த மாகாணத்தின் சாதனையை முறியடித்திருந்தான். கம்பங்களோடு மைதானம் இறங்கியதைப் பார்த்தவர்கள், அது மூழ்கவில்லை, யாரோ மேசைவிரிப்பை உருவுவதுபோல வடக்கே போயிற்று என்றார்கள். நேர் அதே நேரத்தில் பல்கலைக்கழக மைதானத்தில் பிளாஸ்டிக் புல்லின்மேல் நிஜப்புல் இரண்டு விரல் உயரம் நின்றது. கூட்டுகிறவர்களுக்கு இப்போது லாரி கொடுத்திருந்தார்கள். சேறு கொட்டின குப்பைமேட்டில் கொக்கு வந்து கூடு கட்டியிருந்தது.

தொழில்முறை அணிகள் கல்லூரிப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுக்கும் நாளில் அல்சீடை முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். எடுத்தது வடக்கே ஏரிக்கரையில் உள்ள ஒரு குளிர்நகரத்து அணி, ஆயிரம் மைல் தூரம். பெல்ரீவில் வாணவேடிக்கை விட்டார்கள். வாணம் தண்ணீருக்குமேல் வெடித்தபோது எவ்வளவு தண்ணீர் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. எஸ்தேல் ஒரு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி, “போடா ராஜா போ, எங்களையும் கால்ல ஒட்டிக்கிட்டே கூட்டிட்டுப் போ” என்றாள். மறுவாரத்திலிருந்து குடும்பங்கள் கிளம்ப ஆரம்பித்தன. சக்கரம் வைத்த வீடுகளை லாரியில் மாட்டி மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகிறவர்கள் யாரும் கோபமாகப் போகவில்லை. வண்டியின் பின்கண்ணாடியில் எல்லோரும் அல்சீடின் சட்டை எண்ணை ஒட்டியிருந்தார்கள்.

தொழில் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. எதிரில் நிற்கிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் அல்ல, மாட்டுவண்டி மோதுவதுபோல மோதுகிறவர்கள். இருந்தாலும் உப்புச்சேற்றில் நின்று பழகாதவர்கள். முதல் பருவத்தில் ஆயிரத்து நானூறு கஜம். இரண்டாம் பருவத்தின் அக்டோபர் முடிவில் கடல் ஊர்ச்சாலையின் வளைவுக்கு வந்துவிட்டது. சாலை வளைவிலிருந்து கல்லறைத் தோட்டத்து மரவேலி எண்பத்தைந்து கஜம். வேலிக்கு அந்தப்பக்கம் ஊரின் இருநூறு வருஷத்துச் செத்தவர்கள். அதற்கும் வடக்கே எஸ்தேலின் கொட்டகை, கோயில், மிச்சமிருந்த பதினேழு வீடுகள். அல்சீட் ஒரு ஆட்டத்துக்கு நூறு கஜத்துக்குக் குறைந்து ஓடுவதில்லை. அந்த வருஷம் சகல புனிதர் திருநாளான நவம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எங்கே போய்க் குடியேறியிருந்தாலும் அன்று எல்லோரும் திரும்பி வந்து தங்கள் குடும்பக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். வாளி வாளியாகச் சுண்ணாம்பு கரைக்கும் நாள். அதே நாளில் அல்சீடின் அணிக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம்.

ஐந்து வருஷமாக மூடியிருந்த வாயைக் குளோத்தீல் அதற்கு முந்தைய வியாழக்கிழமை திறந்தாள். நண்பகலில், கொட்டகையின் பின்வாசலில் நின்று, அவளாகவே போன் செய்தாள்.

“அல்சீட், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாம கேளு.”

“கடல் வேலிகிட்ட வந்துடுச்சா?” என்றான்.

அவள் போனை மறுகாதுக்கு மாற்றினாள். “எவன் சொன்னான்?”

“யாரும் சொல்லலக்கா. மொத ஆட்டத்துலயே தெரியும். குப்புற விழுந்தேனா, மூக்கு வாயெல்லாம் சேறு. நம்ம ஊர்ச் சேறு எனக்குத் தெரியாதா? அதுல வால்மோன் சித்தப்பா படகு ஆயில் நாத்தம் வேற.”

“தெரிஞ்சுமாடா ஓடின?”

“நீங்க யாரும் வேணாம்னு சொல்லலியே. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஊரு எப்படி இருக்குன்னு கேட்டேன். இன்னிக்குச் சொல்லுவா, இன்னிக்குச் சொல்லுவான்னு. நீ இருக்கு இருக்குங்கற.”

“நீ நிம்மதியா ஓடணும்னுதான்…”

“நீங்க நிம்மதியா பாக்கணும்னுதான் நானும்.” அவன் சிரித்தான். “சரி, இப்ப சொல்லு. நிறுத்திடட்டுமா? நீ நிறுத்துன்னா இன்னிக்கே கோச்கிட்டப் போய்ச் சொல்லிடுறேன். சத்தியமா.”

குளோத்தீல் தெற்கே பார்த்தாள். வால்மோன் கடைசியாக நட்ட கழிக்கு அந்தப்பக்கம் முன்பு தெரிந்த எதுவும் தெரியவில்லை, தண்ணீர் வானத்தோடு ஒட்டியிருந்தது. நிறுத்து என்ற சொல் நாக்குக்கு வந்தது. அதைச் சொன்னால் மிஞ்சுவது எண்பத்தைந்து கஜமும் ஒரு கல்லறைத் தோட்டமும். அதையும் அடுத்த புயல் கேட்கும். சொல்லாவிட்டால்? அவளால் முழுதாக இந்தப்பக்கமும் நிற்க முடியவில்லை, அந்தப்பக்கமும் நிற்க முடியவில்லை.

“அப்பாவ மட்டும் விட்டுடு” என்றாள்.

“எத்தனை இருக்கு வேலிக்கு?”

“எண்பத்தஞ்சு.”

“எண்பதுல நிறுத்திக்கறேன். கோட்டுக்கு வெளிய காலை வச்சிட்டு, தொடை பிடிச்சுக்கிச்சுன்னு உக்காந்துடறேன். அப்பாவ ஒண்ணும் பண்ண மாட்டேன்க்கா. நீ சுண்ணாம்ப நல்லா கெட்டியா கரைச்சு அடி.”

ஞாயிறு காலை பூசை முடிந்து எல்லோரும் வேலை செய்தார்கள். தூரிகை, வாளி, பிள்ளைகளின் சட்டையெல்லாம் வெள்ளை. குளோத்தீல் தகப்பனின் கல்லறைக்கு இரண்டு பூச்சு பூசினாள். வேலிக்கு வெளியே தண்ணீர் ஓசையில்லாமல் நின்றுகொண்டிருந்தது, வீட்டுக்கு வந்து உட்காரச் சொல்வதற்காகக் காத்திருக்கும் விருந்தாளியைப்போல. நண்பகலில் கை கழுவாமலே கொட்டகைக்குப் போனார்கள்.

முதல் பாதியில் அவன் சிக்கனமாக ஓடினான். மூன்று கஜம், ஐந்து கஜம், எங்கே இடம் கிடைத்தாலும் பாதியிலேயே கோட்டுக்கு வெளியே போய்விட்டான். “என்ன இவன், பொண்ணு வீட்டுக்கு வந்தவன் மாதிரி பட்டும் படாம ஆடறான்?” என்று வால்மோன் எரிந்துவிழுந்தார்.  குளோத்தீல் மனதுக்குள் கஜத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் கட்டம் முடிந்தபோது ஐம்பத்தெட்டு. கடைசிக் கட்டத்தில் அவனுடைய அணி நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. நேரம் கரைந்துகொண்டிருந்தது. அப்போது அவர்களுடைய சொந்தப் பாதியில், எல்லைக்கு அறுபத்துநாலு கஜம் முன்னால், பந்தை அவன் கையில் கொடுத்தார்கள்.

இடதுபக்கம் ஒரு சந்து திறந்தது. இரண்டு பேர் சேற்றில் முழங்கால் போட்டு விழுந்தார்கள். மூன்றாவது ஆள் அவன் இடுப்பைப் பிடித்து, பிடி வழுக்கி, கையில் கோரையோடு எழுந்தான். அதற்குமேல் யாரும் இல்லை. அவன் வெளிக்கோட்டை ஒட்டியே ஓடினான். கோடு அவன் காலுக்கு இரண்டு எட்டுத் தூரம். கொட்டகையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த ஓட்டத்தில் இருபத்தைந்தாவது கஜம் கடந்ததும் அவன் தலை குனிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். டிவியில் கிட்டத்தில் காட்டினார்கள்: அவன் காலடியில் பச்சைத் தரையிலிருந்து வரிசையாக மரவேலிக் குச்சிகள் முளைத்து வந்தன. குச்சிகளில் சுண்ணாம்பு சொட்டியிருந்தது. அவன் நடை ஒரு எட்டு தளர்ந்தது. இடதுகால் வெளிக்கோட்டின் பக்கம் திரும்பியது.

“ஓடு!” என்று யாரோ கத்தினார்கள். “ஓடு! ஓடுடா கண்ணு! நிக்காத, ஓடு!”

பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தியது தான்தான் என்பது குளோத்தீலுக்குத் தொண்டை வலித்த பிறகுதான் தெரிந்தது. ஆயிரம் மைல் தூரத்தில் எழுபதாயிரம் பேர் இரைச்சலில் அது அவனுக்குக் கேட்டிருக்க முடியாது. கேட்டது என்றுதான் அவன் பின்னால் எப்போதும் சொன்னான். தலையை நிமிர்த்தினான், வெளிக்கோட்டிலிருந்து காலைத் திருப்பினான், வேலியைத் தாண்டி ஓடினான்.

கொட்டகையில் எழுந்த கூச்சலில் ஐஸ்பெட்டிமேல் இருந்த டிவி ஆடியது. வால்மோன் எஸ்தேலைக் கட்டிப்பிடித்தார், பங்குச்சாமி தொப்பியை எறிந்தார். அந்தக் கூச்சல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஓய்ந்தபின் யாரும் பின்வாசலைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை, டிவியிலேயே தெரிந்தது. வேலி முளைத்த இடத்திலிருந்து எல்லைக்கோட்டைத் தாண்டிக் கடைசிவரை பெல்ரீவின் கல்லறைகள் வெள்ளைவெளேரென்று நின்றன, பூவோடும் எரிகிற மெழுகுவத்தியோடும். துரத்தி வந்தவர்களில் ஒருவன் ஒரு கல்லறைமேல் குப்புற விழுந்து, மார்பெல்லாம் ஈரச் சுண்ணாம்போடு எழுந்து, மன்னிப்புக் கேட்பவன்போலப் பின்வாங்கினான். வர்ணனையாளர் குரலைத் தாழ்த்தி, ஆறு புள்ளி என்றார். அல்சீட் தகப்பனின் கல்லறைமுன் மண்டியிட்டு, பந்தை அதன்மேல் உடைந்துவிடும் பொருளைப்போல வைத்தான்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அணி நிர்வாகம் கல்லறைகளை அகற்றப் பார்த்தது. அந்த மாகாணச் சட்டப்படி உரியவர்கள் சம்மதமில்லாமல் ஒரு கல்லறையைக்கூட நகர்த்த முடியாது என்றார்கள் வக்கீல்கள். உரியவர்கள் சம்மதிக்கவில்லை. ஆட்டக் குழு கூடி, கல்லறை மைதானத்தின் பகுதி, அதில் பட்டுத் திரும்பும் பந்து செல்லும் என்று ஒரு விதி எழுதியது. உள்ளூர் அணி கல்லறைகளுக்கு நடுவில் ஓடப் பழகிக்கொண்டது. வெளியூர் அணிகள் முதல் வருஷம் முறையிட்டுவிட்டு விட்டுவிட்டன. அல்சீட் தொடர்ந்து ஆடினான். அப்பாவே போனபின் நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை, நிறுத்து என்று குளோத்தீலும் சொல்லவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் கொட்டகை, கோயில், பதினேழு வீடுகள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெல்ரீவ் முடிந்தது. கடைசியாகப் படகில் ஏறியவர்கள் எஸ்தேலும் குளோத்தீலும். “உன் தம்பி ரொம்ப நல்லா ஓடினான்டி” என்றாள் எஸ்தேல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. அது புகழ்ச்சியா என்று குளோத்தீலுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அல்சீட், காலடிக்கு மண் வராமல், வெறும் பிளாஸ்டிக் புல்தரையில் ஓடினான். முதல் எட்டிலேயே மடக்கி விழத்தட்டினார்கள். அடுத்ததிலும் அப்படியே. அவனும் மற்ற மனிதர்களைப்போல ஒரு மனிதன் என்று ஆகிவிட்டது. இரண்டு பருவம் வைத்திருந்துவிட்டு அணி அவனை அனுப்பியது. இப்போது அந்த நகரத்திலேயே, மேட்டில், அக்காவோடு ஒரு வீட்டில் இருக்கிறான். அவள் ஆசைப்பட்ட மாதிரி வீடுதான். அருகிலுள்ள பள்ளியில் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான், ஓடக் கற்றுக்கொடுப்பதில்லை. தெருவைக் கடக்கும்போதுகூட மெதுவாகத்தான் நடக்கிறான், பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு.

நவம்பர் முதல் தேதி மைதானத்தின் தெற்கு வாசலைத் திறந்துவிடுகிறார்கள். எட்டு மாகாணங்களிலிருந்து பெல்ரீவ்காரர்கள் வாளியோடு வருகிறார்கள். மூன்றாவது வருஷம் குளோத்தீல் தகப்பனுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது முழங்கால் நனைந்தது. எல்லையின் மூலையில் தரை கசிந்திருந்தது. விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். விரல் கீறலில் எரிந்த அதே உப்பு. கல்லறையின் காலடியில், பூசின கோட்டுக்குக் கீழே, ஒரு சாண் உயரத்துக்கு ஈரக்கறை ஏறி இறங்கின தடம் இருந்தது. மைதானப் பொறுப்பாளர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வருது, ரெண்டு தடவை வடியுது. பைப்பையெல்லாம் தோண்டிப் பாத்துட்டோம். நண்டு வேற. என்ன இது?”

“கடல்” என்றாள் குளோத்தீல்.

“கடல் இங்கிருந்து ஆயிரம் மைல்மா.”

“அதோட மண்ண எடுத்துக்கிட்டு வந்திருக்கோமே. தேடிக்கிட்டு வருது.” அவள் தூரிகையை வாளியில் தட்டி வழித்தாள். “எங்க ஊர்லயும் மொதல்ல மூலையிலதான் வந்துச்சு.”

அவர் கசிவைப் பார்த்தார், பிறகு மேலே அடுக்கடுக்காக எழுந்திருந்த எழுபதாயிரம் இருக்கைகளைப் பார்த்தார், அதற்கும் வெளியே தெரிந்த நகரத்து மாடிகளைப் பார்த்தார். “எவ்வளவு நாள்ல…” என்று ஆரம்பித்தார்.

“வாரத்துல எத்தனை கஜம் ஓடறாங்க உங்க பசங்க?” என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த பக்கத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனாள்.

அந்தப் பருவத்திலிருந்து அந்த நகரத்தில் ஆட்ட நேரத்தைக் கடல் ஏறி இறங்கும் ஓதம் பார்த்துக் குறிக்கிறார்கள். டிக்கெட்டின் பின்புறத்தில் அன்றைய ஏற்ற இறக்க நேரம் அச்சிட்டிருக்கும். கீழ்வரிசை இருக்கைக்காரர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.